பழசானால் மருந்தாகிவிடுமா வெள்ளை ஒயின்?

விருத்தாசலம் என்ற பெயருக்கு என்ன அர்த்தம் என்று யோசித்திருக்கிறீர்களா? 'விருத்த' என்றால் முதிய. 'அசலம்' என்றால் மலை. நல்ல தமிழில் முதுகுன்றம், பழமலை. கோயிலில் குடியிருக்கும் சுவாமிக்கும் பழமலைநாதர் என்றே பெயர். வேப்பூர் கூட்டுரோட்டில் இறங்கி, கிழக்கே போகிற பஸ்ஸைப் பிடித்தால், முதுமையையே பெயராக வைத்துக்கொண்டு பெருமையாக நிற்கிற ஊருக்குப் போய்ச் சேரலாம்.

அந்த ஊருக்கு மட்டுமா? நம் எல்லார் வீட்டிலுமே பழசுக்கு ஒரு தனி மரியாதை உண்டு. பழைய அரிசிதான் உதிரி உதிரியாக வேகும். பத்தியச் சமையலுக்குப் பழம் புளிதான் போட வேண்டும். நார்த்தங்காயைச் சுருள் சுருளாக நறுக்கி, உப்பை அடைத்து, வெயிலில் காயவைத்து ஜாடியில் போட்டால், நாலைந்து வருஷத்தில் கறுத்துப் போய்விடும். "இது ஊறுகாய் இல்லடா, மருந்து!" என்று சொல்லித்தான் பாட்டி எடுத்துக் கொடுப்பார்.

தப்பில்லை. ஆனால் இந்த மரியாதையை இப்போது புதிதாக ஒரு விருந்தாளிக்கும் கொடுக்க ஆரம்பித்திருக்கிறோம். அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

புதுச்சேரி, காரைக்கால் வட்டாரத்தில் பிரான்சில் சொந்தக்காரர்கள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். சிங்கப்பூர், துபாய் என்று போய்வருகிறவர்களுக்கும் குறைவில்லை. லீவுக்கு வருகிற மாப்பிள்ளை சாக்லேட், சென்ட் எல்லாம் கொடுத்துவிட்டு, கடைசியில் ஒரு பாட்டிலை எடுத்து வைக்கிறார். "இது பிராந்தி, விஸ்கி மாதிரி இல்ல மாமா. ஷார்டனேன்னு ஒசத்தியான ஒயிட் ஒயின். டிரை ஒயின், சர்க்கரையே கிடையாது. ஹார்ட்டுக்கு நல்லது. வைக்க வைக்க விசேஷம்!" என்கிறார். மாமா அதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துப் பூட்டுகிறார். பட்டுப்புடவைக்குப் பக்கத்தில் பாட்டில்!

மாப்பிள்ளை ஒரே மூச்சில் மூன்று விஷயம் சொல்லிவிட்டார். வைக்க வைக்க விசேஷம். சர்க்கரை கிடையாது. இதயத்துக்கு நல்லது. மூன்றுமே அரை உண்மை. அரை உண்மை முழுப் பொய்யைவிடக் கொஞ்சம் அபாயம். ஒயின் முதிர்வது ருசி சம்பந்தப்பட்ட கலை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் எத்தனை வருஷம் முதிர்ந்தாலும் அது மருந்தாகாது. இதுதான் என் கட்சி. காரணங்களைப் பார்ப்போம்.

ஜாடி சொல்லும் பாடம்

விருத்தாசலம் பீங்கானுக்குப் பேர்போன ஊர். பக்கத்து நெய்வேலியில் நிலக்கரி தோண்டும்போது வெள்ளைக் களிமண்ணும் கிடைக்கிறது. பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது; பீங்கான் தொழில்நுட்பம் சொல்லிக் கொடுக்க அரசுக் கல்வி நிறுவனமே இருக்கிறது. அகல் விளக்கு, பொம்மை, மின்சார பியூஸ் கேரியர் என்று பலதும் அங்கே சூளை ஏறி இறங்குகின்றன. அந்தத் தொழில் தெரிந்தவர்களுக்கு ஒரு விஷயம் அத்துப்படி: பாத்திரம் சுவாசிக்கிறதா, இல்லையா?

சாதாரண மண்பானை சுவாசிக்கும். கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து ஆவியாகிறது. அதனால்தான் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. அதே பானையில் ஊறுகாய் போட்டால் என்ன ஆகும்? எண்ணெய் கசியும், காற்று புகும், பூஞ்சணம் பிடிக்கும். கிளேஸ் பூசி, சுமார் 1,200 டிகிரி சூட்டில் வெந்த கெட்டிப் பீங்கான் ஜாடி அப்படி இல்லை. அதன் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பூச்சு உருகிப் படிந்துவிடுகிறது. புளிப்பும் உப்பும் அதை அரிக்காது. காற்றும் உள்ளே போகாது. மேலே வெள்ளைத் துணியால் வேடு கட்டிவிட்டால் நார்த்தங்காய் நிம்மதியாக முதிரும்.

ஆக, முதிர்வதற்கு மூன்று விஷயம் வேண்டும். முதலில், சரக்கு நன்றாக இருக்க வேண்டும். அடிபட்ட நார்த்தங்காயைப் போட்டால் அழுகும், முதிராது. இரண்டாவது, கெடாமல் காப்பாற்ற ஒரு காவல்காரன் வேண்டும். ஊறுகாய்க்குப் புளிப்பும் உப்பும் காவல்; ஒயினுக்குப் புளிப்பும் ஆல்கஹாலும் காவல். மூன்றாவது, பாத்திரமும் இருக்கிற இடமும் ஒத்துவர வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும், வருஷம் கூடக் கூடப் பண்டம் கெட்டுத்தான் போகும்.

அரிக்கமேட்டுக்கு வந்த சரக்கு

"ஒயினெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம், நமக்கென்ன தெரியும்?" என்று கேட்கிறீர்களா? புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது, இரண்டு கைப்பிடி வைத்த, அடி குறுகிய ரோமானிய ஜாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆம்போரா என்று பெயர். கிரேக்கத் தீவான கோஸ் போன்ற இடங்களிலிருந்து ஒயின் சுமந்து வந்த ஜாடிகளும் அவற்றில் உண்டு. சுமார் 2,000 வருஷத்துக்கு முந்தைய கதை! யவனர் கொண்டுவந்த தேறலைப் பாண்டியன் அருந்தியதைப் புறநானூறு சொல்கிறது. மூங்கில் குழாயில் ஊற்றி முதிரவைத்த நம்மூர்த் தேறலைப் பற்றியும் சங்கப் பாடல்கள் பேசுகின்றன.

அந்த ஆம்போராவும் சுட்ட மண்தான். சுவாசிக்கிற பாத்திரம். அதனால்தான் உள்பக்கம் மரப் பிசினைப் பூசி அடைத்தார்கள். ஜார்ஜியா நாட்டில் இன்றைக்கும் பெரிய மண் குதிர்களை நிலத்தில் புதைத்து அதில் ஒயின் செய்கிறார்கள். 2013-ல் யுனெஸ்கோ அந்த முறையைப் பாரம்பரியச் சொத்தாகப் பட்டியலில் சேர்த்தது. பாத்திரம், காற்று, குளிர்ச்சி என்று நம் பாட்டிமார் படுகிற கவலையைத்தான் உலகத்து ஒயின்காரர்களும் படுகிறார்கள்.

எது முதிரும், எது முதிராது?

ஷார்டனே என்பது ஒரு வெள்ளைத் திராட்சை ரகம். பிரான்சின் கிழக்கில் இருக்கும் பர்கண்டி அதற்குத் தாய்வீடு. அங்கே ஷார்டனே என்ற பெயரில் ஒரு சின்ன கிராமமே உண்டு. இன்றைக்கு கலிபோர்னியா, ஆஸ்திரேலியா என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. இந்தியாவிலும் மகாராஷ்டிராவில், சோலாப்பூர் மாவட்டத்து அக்லூஜ் பக்கம் பயிராகிறது. நம் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது நினைவிருக்கலாம். அது கறுப்பு ரகம். பெரும்பாலும் பழமாகச் சாப்பிடுகிற ஜாதி.

வெள்ளை ஒயின் செய்யும்போது பழத்தைப் பிழிந்தவுடன் தோலை ஒதுக்கிவிடுவார்கள். சாற்றை மட்டும் புளிக்க வைப்பார்கள். சாற்றிலுள்ள சர்க்கரையை ஈஸ்ட் தின்று ஆல்கஹாலாக்குகிறது. முக்கால்வாசியில் நிறுத்தினால் இனிப்பு ஒயின். கடைசிவரை தின்னவிட்டால் 'டிரை'. ஐரோப்பியக் கணக்குப்படி டிரை ஒயினில் லிட்டருக்கு 4 கிராம் அளவுக்குத்தான் சர்க்கரை மிஞ்சும். புளிப்பு தூக்கலாக இருந்தால் கொஞ்சம் கூடலாம்.

பர்கண்டியில் நல்ல ஷார்டனேயை 228 லிட்டர் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாயில் வைப்பார்கள். பீப்பாய் மண்பானைக்கும் பீங்கான் ஜாடிக்கும் நடுவே நிற்கிற ஜாதி. மிக மெல்லச் சுவாசிக்கும். அதற்குள்ளே இன்னொரு வேடிக்கை நடக்கிறது. பச்சை ஆப்பிளில் இருக்கும் மாலிக் அமிலத்தை ஒரு வகை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. லாக்டிக் அமிலம் எதில் இருக்கிறது? நம் வீட்டுத் தயிரில்! உறைகுத்தும்போது நடக்கிற வேலைக்கு ஒன்றுவிட்ட தம்பி வேலைதான் அது. அப்போது சில ஒயினில் வெண்ணெய் வாசனைகூட வரும்.

பிறகு பாட்டிலில் அடைப்பார்கள். வருஷம் போகப் போக எலுமிச்சை, ஆப்பிள் வாசனை அடங்கும். தேன், வறுத்த பருப்பு வாசனை எழும். பச்சை முந்திரிப்பருப்புக்கும் நெய்யில் வறுத்த பருப்புக்கும் வாசனையில் எவ்வளவு வித்தியாசம்? விருத்தாசலம், பண்ருட்டிக்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. கிட்டத்தட்ட அப்படி ஒரு மாற்றம்.

இதெல்லாம் எல்லா ஷார்டனேக்கும் நடக்குமா? அதுதான் இல்லை! உலகத்தில் தயாராகும் ஒயினில் பெரும்பகுதி ஓரிரு வருஷத்திலேயே குடித்துவிடுவதற்காகச் செய்யப்படுவது. சிவப்பு ஒயினில் தோலிலிருந்து இறங்கும் துவர்ப்பு கொஞ்சம் காவல் காக்கும். வெள்ளையில் அதுவும் குறைவு. புளிப்பை மட்டுமே நம்பி நிற்க வேண்டும். நல்ல புளிப்போடு, அக்கறையாகச் செய்த சில ஒயின்கள்தான் பத்து வருஷம் தாங்கும். அதற்கும் உத்தரவாதம் கிடையாது. 1990-களின் நடுப்பகுதியில் விளைந்த பர்கண்டி வெள்ளை ஒயின்கள், அதுவும் பெரிய பெரிய பேர் வாங்கினவை, பலவும் சில வருஷத்திலேயே பழுப்பேறி வீணாகிப் போயின. ஆசை ஆசையாகச் சேர்த்து வைத்திருந்த பணக்காரர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். பர்கண்டியின் குளிர்ந்த நிலவறைக்கே இந்தக் கதி என்றால், நம் பீரோ எம்மாத்திரம்?

நம்ம ஊர் வெயில்

ஒயின் முதிர வேண்டிய இடம் எப்படி இருக்க வேண்டும் தெரியுமா? 10 முதல் 15 டிகிரிக்குள் வெப்பம். அது வருஷம் முழுக்க ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். வெளிச்சம் படக்கூடாது. கார்க் அடைப்பு என்றால் காய்ந்து சுருங்காதிருக்கப் பாட்டிலைப் படுக்க வைக்க வேண்டும்.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். அக்னி நட்சத்திரத்தில் விருத்தாசலத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மொட்டைமாடிக்குக் கீழே இருக்கும் அறையில் இரும்பு பீரோவைத் தொட்டால் கையைச் சுடுகிறது. அதற்குள் ஒயின் முதிராது, வேகும்! இரண்டு கோடை தாண்டின பாட்டிலைத் திறந்தால் தங்க நிறத்துக்குப் பதில் பழுப்பு நிறம், தேன் வாசனைக்குப் பதில் வெட்டிவைத்துக் கறுத்துப்போன ஆப்பிள் வாசனை, கடைசியில் ஒரு கசப்பு. பழசாகிவிட்டது, வாஸ்தவம். முதிரவில்லை.

இன்னொரு தப்பு அபிப்பிராயத்தையும் இங்கேயே போட்டு உடைத்துவிடுகிறேன். "வருஷம் ஆக ஆகப் போதை ஏறும்" என்று சிலர் சொல்வார்கள். பாட்டிலில் அடைத்த டிரை ஒயினில் ஆல்கஹால் ஏறுவதில்லை. தின்ன அதில் சர்க்கரை மிச்சம் இல்லையே! லேபிளில் 13 சதவீதம் என்று போட்டிருந்தால், பத்து வருஷம் கழித்தும் கிட்டத்தட்ட 13 சதவீதம்தான்.

மூக்குக்கு மரியாதை

ஒயினை ருசி பார்க்கிறவர்கள் செய்கிற காரியம் நிறையப் பேருக்குப் பகட்டாகத் தெரியும். கிளாஸைச் சாய்த்து நிறம் பார்ப்பார்கள். சுழற்றி முகர்வார்கள். ஒரு வாய் உறிஞ்சி, வாயெல்லாம் படவிட்டு, பல சமயம் துப்பியும் விடுவார்கள். ஆமாம், துப்பிவிடுவார்கள்! நாள் முழுக்க ஐம்பது, அறுபது ஒயின் ருசி பார்க்கிறவர் விழுங்கினால் நிலைமை என்னாவது? ருசி பார்ப்பதும் குடிப்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிட யாரும் தெளிவாகச் சொல்ல முடியாது.

1976 மே 24-ம் தேதி பாரீஸில் ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி, லேபிளை மறைத்துவிட்டு பிரெஞ்சு நடுவர்களுக்கு ஒயின்களை ஊற்றிக் கொடுத்தார். பர்கண்டி ஷார்டனேயும் கலிபோர்னியா ஷார்டனேயும் கலந்து இருந்தன. ஜெயித்தது எது? கலிபோர்னியாவின் 'ஷாட்டோ மான்டலீனா' 1973! பிரான்சே அதிர்ந்து போனது. பேரை மறைத்தவுடன் மூக்கும் நாக்கும் உண்மையைச் சொல்லிவிட்டன.

நமக்கு இதில் பாடம் இருக்கிறது. பேர், விலை, வருஷம், வெளிநாட்டு லேபிள் எல்லாம் நம்மை மயக்குகிற சங்கதிகள். ருசி விஷயத்திலேயே இப்படி ஏமாறுகிறோம் என்றால், ஆரோக்கிய விஷயத்தில் எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்?

இதயத்துக்கு நல்லதா?

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பார்ப்போம். பிரெஞ்சுக்காரர்கள் வெண்ணெயும் சீஸுமாகச் சாப்பிடுகிறார்கள். ஆனாலும் மாரடைப்பு அவர்களுக்குக் குறைவாக இருக்கிறதே, எப்படி? 1991 நவம்பரில் அமெரிக்க டி.வி.யில் '60 நிமிடங்கள்' நிகழ்ச்சி இந்தக் கேள்வியைக் கிளப்பியது. ஒயின்தான் காரணமாக இருக்கலாம் என்றது. அடுத்த வருஷம் செர்ஜ் ரெனோ என்ற பிரெஞ்சு விஞ்ஞானியின் கட்டுரை 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. அமெரிக்காவில் சிவப்பு ஒயின் விற்பனை சூடு பிடித்தது. நம் ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது 'சிவப்பு' என்ற வார்த்தையே காணாமல் போய், "ஒயின் நல்லது" என்றாகிவிட்டது.

பெரிதாகப் பேசப்பட்ட ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் திராட்சைத் தோலில் இருப்பது. வெள்ளை ஒயினில் தோலையே ஒதுக்கிவிடுகிறார்களே! சிவப்பு ஒயினில்கூட லிட்டருக்குச் சில மில்லிகிராம்தான் தேறும். மருந்தாகப் பரிசோதித்துப் பார்த்த அளவுகளோ நூற்றுக்கணக்கான மில்லிகிராம்.

அந்தக் கால ஆய்வுகளிலும் ஒரு ஓட்டை இருந்தது. "குடிக்காதவர்கள்" என்று ஒதுக்கி வைத்த கூட்டத்தில், உடம்பு கெட்டுப்போய்க் குடியை நிறுத்தினவர்களும் இருந்தார்கள். அவர்களோடு ஒப்பிட்டால் அளவாகக் குடிக்கிறவர் ஆரோக்கியமாகத்தானே தெரிவார்? போதாததற்கு, ஒயின் குடிப்பவர்கள் பெரும்பாலும் வசதியானவர்கள். நல்ல சாப்பாடு, நல்ல வைத்தியம், நடைப்பயிற்சி எல்லாம் அவர்களிடம் உண்டு. புகழ் மட்டும் பாட்டிலுக்குப் போய்விட்டது.

மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1988-லேயே முதல் பிரிவில் சேர்த்துவிட்டது. வாய், தொண்டை, குரல்வளை, உணவுக்குழாய், கல்லீரல், பெருங்குடல், பெண்களுக்கு மார்பகம் என்று பட்டியல் நீளம். 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் பட்டவர்த்தனமாகச் சொல்லிவிட்டது: ஆரோக்கியத்துக்குக் கெடுதல் இல்லாத மது அளவு என்று ஒன்று கிடையாது. உடம்புக்குள் போன ஆல்கஹால் அசிட்டால்டிஹைடாக மாறுகிறது. அது சாராயத்திலிருந்து வந்ததா, பர்கண்டியிலிருந்து வந்ததா என்று கல்லீரல் லேபிள் பார்ப்பதில்லை.

ஒரு சின்னக் கணக்கு. 13 சதவீத ஒயின் ஒரு கிளாஸ், அதாவது 150 மில்லி, குடித்தால் சுமார் 15 கிராம் ஆல்கஹால் உள்ளே போகிறது. 30 மில்லி விஸ்கியில் இருப்பது சுமார் 10 கிராம். ஆக, "வெறும் ஒயின்தானே" என்று ஒரு கிளாஸ் குடிப்பவர் ஒன்றரை சின்ன பெக் விஸ்கி குடிக்கிறார் என்று அர்த்தம். 'விஸ்கியா?' என்று முகம் சுளிக்கிற குடும்பம், ஒயின் என்றால் மட்டும் டைனிங் டேபிளில் இடம் கொடுக்கிறது!

சர்க்கரைக்காரர்களே, உஷார்!

நான் இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு முக்கியக் காரணமே இந்தப் பகுதிதான். 'டிரை' என்ற வார்த்தை சர்க்கரை வியாதிக்காரர் காதில் தேனாகப் பாய்கிறது. "சர்க்கரையே இல்லையாமே! அப்போ நான் ஒரு கிளாஸ் சாப்பிடலாம்தானே?"

சர்க்கரை மிகக் குறைவு என்பது நிஜம். ஆபத்து வேறு பக்கம் இருக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது கல்லீரல். தன்னிடம் சேமிப்பில் இருப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் விடும், புதிதாகவும் தயாரிக்கும். ஆல்கஹால் வந்தவுடன் கல்லீரல் அதைக் கவனிக்கப் போய்விடுகிறது. புதிதாகத் தயாரிக்கிற வேலை முடங்குகிறது. இன்சுலின் போட்டுக்கொள்கிறவர், கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர், வெறும் வயிற்றில் ஒயின் குடித்தால் ரத்த சர்க்கரை சடாரென்று இறங்கலாம். உடனே ஆக வேண்டும் என்றுகூட இல்லை; பல மணி நேரம் கழித்து, நள்ளிரவில், தூக்கத்திலும் ஆகலாம்.

இதில் கொடுமை என்ன தெரியுமா? சர்க்கரை இறங்கினவருக்கு வியர்க்கும், பேச்சு குழறும், தள்ளாடும். வாயில் மது வாசனை வேறு. வீட்டில் இருப்பவர்கள் "போதையில கெடக்கறாரு, தூங்கட்டும் விடு" என்று போர்வையைப் போர்த்திவிடுவார்கள். அவருக்கு அந்த நேரத்தில் தேவை போர்வை இல்லை, குளுக்கோஸ்! நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.

இன்னும் சிலருக்கும் ஒயின் அறவே ஆகாது. கர்ப்பிணிகள், கல்லீரல் நோய் உள்ளவர்கள், தூக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், மெட்ரோனிடசோல் போன்ற மாத்திரை எடுத்துக்கொண்டிருப்பவர்கள், ஒரு காலத்தில் குடிக்கு அடிமையாகி மீண்டவர்கள். ஆஸ்துமாக்காரர்கள் சிலருக்கு, ஒயின் கெடாமல் இருக்கச் சேர்க்கிற சல்பைட் மூச்சுத்திணறலைக் கிளப்பும். பிள்ளைகளுக்கு "ஒரு சொட்டு ருசி பாரு" என்று கொடுக்கும் விளையாட்டு வேண்டவே வேண்டாம்.

"அப்போ அரிஷ்டம் மட்டும் குடிக்கலாமா? அதிலும் ஆல்கஹால் இருக்கிறதே!" என்று ஒருவர் கேட்பார். நியாயமான கேள்விதான். திராட்சாசவம், தசமூலாரிஷ்டம் போன்றவற்றில் புளிக்கும்போது தானாக உண்டாகும் ஆல்கஹால் இருக்கிறது, லேபிளிலேயே போட்டிருப்பார்கள். ஆனால் அது வைத்தியர் சொல்லி, இத்தனை மில்லி, இத்தனை நாள் என்று அளந்து கொடுப்பது. அதையும் நீங்களாக வாங்கி ஊற்றிக்கொள்ளக்கூடாது; நீங்கள் சாப்பிடும் மற்ற மாத்திரைகளைச் சொல்லித்தான் கேட்டு வாங்க வேண்டும். மருந்து என்றால் அளவும் காலமும் உண்டு. பீரோவில் இருக்கிற பாட்டிலுக்கு யார் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள்?

நம்மூரில் பிராந்தி விற்கிற கடைக்கு ஒயின்ஷாப் என்று பேர் வைத்தோம். 2003-ல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்ட பிறகும் அந்தப் பேர் ஜனங்கள் வாயிலிருந்து போகவில்லை. அன்றைக்குப் பிராந்திக்கு ஒயின் என்று கௌரவப் பேர் கொடுத்தோம். இன்றைக்கு ஒயினுக்கு மருந்து என்று கௌரவப் பேர் கொடுக்கிறோம். பேர் மாற்றினால் சரக்கு மாறிவிடுமா?

பின்னே, அந்த பாட்டிலை என்ன செய்ய?

நான் யாரையும் மிரட்டவில்லை. ஒயின் குடிக்கிறவர்களைக் கெட்டவர்கள் என்றும் சொல்லவில்லை. வயது வந்தவர், நோய் நொடி இல்லாதவர், ருசிக்காக எப்போதாவது ஒரு கிளாஸ் அருந்துகிறார் என்றால் அது அவர் முடிவு. அவருக்கு என் யோசனை இவ்வளவுதான். பாட்டிலை வருஷக்கணக்கில் பீரோவில் பூட்டாதீர்கள். வந்த சீக்கிரத்தில், ஃப்ரிட்ஜில் வைத்துக் குளிரவைத்து, சாப்பாட்டோடு நிதானமாக, சின்ன அளவில் ருசி பாருங்கள். வெந்து பழுப்பேறியிருந்தால் மனசைத் தேற்றிக்கொண்டு ஊற்றிவிடுங்கள். "பிரான்ஸ் சரக்கு, வீணாப் போகுதே" என்று வயிற்றுக்குள் ஊற்றாதீர்கள். குடித்துவிட்டு வண்டியை எடுக்காதீர்கள். இதுவரை குடிக்காதவரா நீங்கள்? இதயத்துக்காக என்று இன்றைக்கு ஆரம்பிக்க வேண்டிய அவசியம் துளியும் இல்லை. இதயத்துக்குக் காலையில் முக்கால் மணி நேர நடை போதும். அதற்கு லேபிளும் இல்லை, விலையும் இல்லை.

வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை கொண்டுவந்ததாயிற்றே என்று கூச்சப்படாதீர்கள். "அப்பா சுகர் மாத்திரை சாப்பிடறார் தம்பி, இது அவருக்கு வேண்டாம்" என்று சிரித்த முகத்தோடு சொல்லலாம். கோபித்துக்கொள்ள மாட்டார். அடுத்த தடவை வரும்போது பாட்டிலுக்குப் பதிலாக நல்ல பேரீச்சம்பழமோ, பாதாம் பருப்போ கொண்டு வரட்டும்.

முதிர்ந்த ருசி மேல் ஆசை இருக்கிறதா? அதற்கு ஜாடி இருக்கிறது. நல்ல நார்த்தங்காயாகப் பார்த்து வாங்கி, விரிசல் இல்லாத பீங்கான் ஜாடியில் போட்டு, ஈரக் கை படாமல் வேடு கட்டி வையுங்கள். மூன்று வருஷம் கழித்துத் திறந்து, முதலில் நிறம் பாருங்கள், பிறகு முகருங்கள், பிறகு நாக்கில் ஒரு துணுக்கு வையுங்கள். ஒரு துணுக்குதான்! அதிலும் உப்பு இருக்கிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு அதுவும் பழசாகிவிட்டதால் மருந்தாகிவிடாது.